லோடு வண்டிக்குத் தார், காலி வண்டிக்கு மண்

சாலை மரியாதையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நம் ஓட்டுநர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். புதிதாக வண்டி பிடிக்கிறவர்களுக்குப் பயன்படுமாம். ரோட்டுக்கு நடுவே வெள்ளைக் கோடு போட்டாயிற்று, வண்டிக்கு நாலு மூலையிலும் மினுக்குகிற விளக்கு வைத்தாயிற்று, இன்னும் இந்தக் கிழவன் எதற்கு என்று கேட்டேன். "கோட்ட எவனும் மதிக்கிறதில்ல நைனா, லெப்டுல வெளக்கப் போட்டுட்டு ரைட்டுல போறானுங்க" என்றார்கள். அப்படியானால் நான் எழுதியும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். மரியாதையை எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரியாது தம்பிகளே. அது எப்படிச் செத்தது என்று தெரியும். கிட்ட இருந்து பார்த்தவன் நான்.

நான் லாரி பிடித்தது யுத்தம் முடிந்த கையோடு. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன லாரிகளை ஏலத்தில் எடுத்து, பின்னால் மரப்பலகை அடித்து, முதலாளிகள் வாடகைக்கு ஓட்டிய காலம். எண்ணூர் உப்பளத்தில் உப்பு மூட்டை ஏற்றி வந்து யானைக்கவுனி மண்டியில் இறக்குவது எங்கள் பிழைப்பு. போகும்போது காலி, வரும்போது லோடு; சரக்கு கிடைக்காத நாளில் வரும்போதும் காலிதான். டோல்கேட் வரைக்கும் ரோடு ரோடாக இருக்கும். திருவொற்றியூரைத் தாண்டினால் ஒரு லாரி அகலத்துக்குத்தான் தார். இரண்டு பக்கமும் மணல், அதுவும் கால் வைத்தால் கணுக்கால் புதைகிற கடல் மணல்.

ஒரே தார், எதிரும் புதிருமாக இரண்டு லாரி. யார் இறங்குவது? ஆளுக்குப் பாதி என்று சொல்லத் தோன்றும். காலி லாரிக்கு அது சரி. உப்பு ஏற்றிய லாரியின் ஒரு பக்கச் சக்கரம் மணலில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கம் சாயும், சாய்ந்தால் கவிழும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. லோடு வண்டிக்குத் தார், காலி வண்டிக்கு மண். உப்பு கனமான சரக்கு, மூட்டைகள் கேபினுக்கு மேலே தெரியாது. எதிரே வருகிறவனுக்கு லோடா காலியா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கை. லோடு வண்டிக்காரன் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, எதையோ அமுக்குவது போல இரண்டு தரம் அமுக்குவான். காலி வண்டிக்காரன் மறுபேச்சில்லாமல் மணலில் இறங்குவான். கடந்து போகும்போது லோடு வண்டிக்காரன் அந்தக் கையையே நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சலாம் வைப்பான். அவ்வளவுதான் சட்டம். போலீசு கிடையாது, அபராதம் கிடையாது. எதிரே வருகிறவனுடைய கையை நம்பி வண்டி ஓட்டினோம்.

இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. வண்டி பிடித்த புதிதில் காலியாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு லாரி, கை அமுக்கியது. என்னவோ வணக்கம் சொல்கிறான் என்று நானும் கையை ஆட்டிவிட்டு நேரே போனேன். இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. எதிர் வண்டியிலிருந்து வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி வந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் வண்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா ஏத்திகினு போறே?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கு இன்னாத்துக்கு ராசா தாரு? எறங்கு."

இறங்கினேன். கடந்து போகும்போது எனக்கு ஒரு சலாம் வைத்தார் பாருங்கள், அதை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்தான் காசிம் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். அன்றிலிருந்து நாங்கள் சிநேகம். மற்ற டிரைவர்கள் எல்லாம் காக்கிச் சட்டை, பாய் மட்டும் வெள்ளை. அரை மைலுக்கு அப்பால் வந்தாலும் அந்த வெள்ளைக் கையை அடையாளம் தெரியும்.

பிறகு தங்கராஜ் வந்தான். அவனைக் கெட்டவன் என்று எழுத எனக்கு மனமில்லை. எழுதினால் உங்களுக்கு வசதியாகப் போய்விடும், ‘நாம் அவன் இல்லை’ என்று தூங்கிவிடுவீர்கள். நல்ல பையன். டோல்கேட் டீக்கடையில் கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கித் தருவான், யார் வண்டி நின்றுபோனாலும் இறங்கித் தள்ளுவான். வேகம் ஒன்றுதான் அவனுக்கு வியாதி. மணலில் இறங்கி ஏறுவது அவனுக்குக் கவுரவக் குறைச்சல். ஒருநாள் டீக்கடையில் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

"மாமு, போன வாரம் லோடு கெடைக்காம திரும்பின நாளு பூரா காலி வண்டியிலே கை காட்டிகினு வந்தேன். ஒருத்தன் வுடாம எறங்கினானுங்க. டோல்கேட்டு வரைக்கும் ஜம்முனு தார் மேலயே வரேன்."

கடையே சிரித்தது. ஒருத்தர், "டேய், பொய் சொல்லலாமாடா?" என்று ஒப்புக்குக் கேட்டார்.

"நான் எங்கே பொய் சொன்னேன்? வாயத் தொறந்து லோடுன்னு சொன்னேனா? கைக்கு காத்து வாங்கினேன். அவனுங்களா எறங்கினா நானா பொறுப்பு?"

மறுபடியும் சிரிப்பு. காசிம் பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கராஜு, எனக்கு இன்னா போச்சி? நான் ஒரு தபா மணல்ல எறங்கி ஏறினேன், டயர் தேஞ்சிச்சி. அத்த வுடு. நாளிக்கு நெஜமாவே லோடோட ஒருத்தன் வருவான். அவன் கையும் இதே மாதிரிதான் கீது. எதிர்ல வர்றவன் உன்ன நெனச்சிகினு எறங்காம வந்தான்னா, அந்த லோடு வண்டிக்காரனுக்கு நீ இன்னா பதில் சொல்லுவே?"

"பாய், நீ ரொம்ப பேஜாரு பண்றே" என்றான் தங்கராஜ். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. பாய்க்கு இன்னொரு டீ சொன்னான். பாய் குடிக்காமல் எழுந்து போனார்.

உங்களுக்குப் புலி வருது கதை தெரியும். அந்தக் கதையில் பொய் சொன்னவனைத்தான் புலி தின்றது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை, அப்படித்தான் முடிய வேண்டும். ரோட்டுப் புலிக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது.

டீக்கடையில் சிரித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள் போலிருக்கிறது. அவன் காட்டும்போது நான் மட்டும் ஏன் மணலில் இறங்க வேண்டும்? இரண்டு மழைக்காலம் போவதற்குள் அந்த ரோட்டில் கை காட்டாத வண்டியே இல்லை. லோடும் காட்டியது, காலியும் காட்டியது. எல்லோரும் காட்டினால் அப்புறம் கைக்கு என்ன அர்த்தம்? கடைசி நிமிஷம் வரைக்கும் இரண்டு பேரும் தாரிலேயே வருவது, யாருக்கு முதலில் பயம் வருகிறதோ அவன் இறங்குவது. இதுதான் புதுச் சட்டம். சலாம் நின்றுபோயிற்று. அதற்குப் பதில் கேபினிலிருந்து கேபினுக்கு வசவு.

காசிம் பாய் மட்டும் பழையபடியே இருந்தார். காலியாகப் போனால் எந்தக் கைக்கும் இறங்குவார். இறங்கின பிறகு கடந்து போகிற வண்டி காலி என்று தெரியும், தலையில் அடித்துக்கொள்வார், அடுத்த கைக்கும் இறங்குவார். லோடு இருந்தால் மட்டும்தான் கை நீட்டுவார். "ஏமாந்த பாய்" என்று பெயர் வைத்தார்கள். நான் கேட்டேன், ஏன் பாய் இப்படி என்று.

"பத்து பேர் பொய்யி, ஒருத்தன் நெஜம். அந்த ஒருத்தன் எவன்னு எனக்கு எப்டி தெரியும்? அதான் எல்லாத்துக்கும் எறங்கிடறேன்" என்றார்.

கன்னியப்பனால் அப்படி இருக்க முடியவில்லை. அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரன். கட்டுமரம் வேண்டாம் என்று லாரிக்கு வந்தவன், பாய்தான் அவனுக்கு முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். சாது. ஒருநாள் காலி வண்டியில் போகும்போது தங்கராஜின் கையை நம்பி மணலில் இறங்கினான், உள்ளே ஒரு கல் கிடந்து, சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற வில்பட்டை முறிந்தது. கடந்து போன தங்கராஜின் வண்டியும் காலி. முதலாளி கேட்டார், "எதுக்குடா எறங்கினே?" "லோடுன்னு கை காட்டினாங்க." "உனக்கு மட்டும்தான் அந்தக் கை தெரியுதா?" என்று சொல்லி வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். இன்னொரு தரம் பட்டை முறிந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றும் சொன்னார். பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் சும்மா உட்கார்ந்திருந்து, பாய் போய்க் கெஞ்சின பிறகுதான் திரும்பவும் வண்டி கிடைத்தது. வந்தவன் சொன்னான்:

"இனிமே எவன் கை காட்னாலும் நான் எறங்க மாட்டேன் பாய். எனக்கும் வூடு கீது."

"எறங்காதே. நான் உன்ன தப்பு சொல்ல மாட்டேன்" என்றார் பாய். "ஆனா என் கை உனக்குத் தெரியும் இல்ல?"

"உன் கை தெரியாதா பாய்?" என்று சிரித்தான் கன்னியப்பன்.

அது ஆடி மாதம். அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. காலையிலேயே உப்பளத்தில் மூட்டை தூக்க ஆளில்லை. போன வண்டிகளெல்லாம் காத்துக் கிடந்துவிட்டுக் காலியாகவே திரும்பின. பாயும் நானும் பொறுமையாக இருந்து, மத்தியானத்துக்கு மேல் ஆள் கிடைத்து ஏற்றிக்கொண்டோம். பாய் வண்டி முன்னால், என் வண்டி பின்னால்.

எதிரே கன்னியப்பன் வந்தான், காலி வண்டி. எங்களுக்கு முன்னால் திரும்பிய வண்டிகள் அத்தனையையும் அவன் வழியில் சந்தித்திருக்கிறான். அத்தனை பேரும் காலி வண்டியை வைத்துக்கொண்டு அவனுக்கு லோடு என்று கை காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இது பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் பாயின் வெள்ளைக் கை வெளியே வந்ததும், அமுக்கியதும்தான். எதிரே வருவது கன்னியப்பன் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி. இறங்கிவிடுவான்.

அவன் இறங்கவில்லை. பாய் பிரேக்கை அமுக்கி வேகத்தைக் குறைத்தார். கை மறுபடியும் அமுக்கியது. உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் பாய் என்று என் கேபினுக்குள் நான் கத்தினேன், ஆடிக் காற்றில் யாருக்குக் கேட்கும்? அவர் இழுத்துக்கொள்ளவில்லை. வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது, கை மட்டும் நீட்டினபடி அமுக்கிக்கொண்டே இருந்தது. அவனுக்குத் தெரியும், என் கையை அவனுக்குத் தெரியும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். கடைசி நொடியில் கன்னியப்பன் பயந்துபோய் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். முன்சக்கரம் மணலில் இறங்கியது, வண்டியின் பின்பக்கம் இந்தப் பக்கம் வீசியது. பின்கட்டு மரப்பலகை பாயின் கேபினை உரசிக்கொண்டு போனது, அந்தக் கையோடு.

அதற்கு மேல் எழுத மாட்டேன். பாயின் வண்டியை மணலில் இறக்கி வழி எடுத்துக்கொண்டு, என் வண்டியில்தான் அவரை ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உப்பு லோடோடு போனேன். எதிரே வந்த ஒருத்தனும் எனக்குத் தாரை விடவில்லை.

கை போய்விட்டது. உயிர் நின்றது. நினைவு வந்ததும் பாய் கேட்ட முதல் கேள்வி, "கன்னியப்பனுக்கு என் கை தெரிஞ்சிச்சா?" மறுநாளும் அதையேதான் கேட்டார். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தெரியவில்லை என்றால் விபத்து, ஆண்டவன் விட்ட வழி என்று கிடக்கலாம். தெரிந்தும் இறங்கவில்லை என்றால்?

ஆஸ்பத்திரி வாசலில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான், உள்ளே வரத் துணிவில்லாமல். நான் அவன் தோளைப் பிடித்துச் சொன்னேன்: "காத்து, புழுதி, கண்ணு மறச்சிடுச்சின்னு சொல்லிடு. அவுரு அத்ததான் கேக்க ஆசப்படறாரு." தலையாட்டினான். உள்ளே வந்தான். பாய் அவன் முகத்தைப் பார்த்தார்.

"கை தெரிஞ்சிச்சா நைனா?"

கன்னியப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"தெரிஞ்சிச்சி பாய். உன் கைன்னும் தெரிஞ்சிச்சி. வர்ற வயில அத்தினி பேரும் காலி வண்டியில கை காட்டினானுங்க. கடசீல நீயும் காட்டினே. பாயும் எங்கள மாதிரி மாறிட்டாரு போலன்னு நெனச்சிட்டேன்."

பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"புயுதீல தெரியலன்னு சொல்லியிருக்கலாமே நைனா."

தம்பிகளே, எங்கள் ரோட்டில் பொய்யே காட்டாத மனுஷன் ஒருத்தர்தான் இருந்தார். கடைசியில் அவரும் தனக்கு ஒரு பொய் கிடைக்காதா என்று ஏங்கினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். தங்கராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தான், ஆப்பிள் வாங்கி வந்தான், நிஜமாகவே கண் கலங்கினான். தனக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்குக் கடைசிவரை தோன்றவேயில்லை. பின்னால் சொந்தமாக ஒரு லாரி, இரண்டு லாரி என்று வாங்கி முதலாளி ஆனான். அவன் டிரைவர்களும் அவனைப் போலவே வேகக்காரர்கள்.

கன்னியப்பன் வண்டி ஓட்டுவதை விடவில்லை, விட்டால் சோறு ஏது? ஆனால் அதற்குப் பிறகு எதிரே எது வந்தாலும் மணலில் இறங்கினான். காலியாக இருந்தாலும் இறங்கினான், லோடு இருந்தாலும் இறங்கினான். ‘கன்னியப்பன் வண்டியா? கை காட்டக்கூட வேணாம், போய்ட்டே இரு’ என்று மற்றவர்கள் அதையும் வசதியாக்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் பாயின் எதிரில் வரவேயில்லை.

அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, பாயை என் வண்டியில் எண்ணூருக்குக் கூட்டிப் போனேன். உப்பளத்தில் காவல் வேலை இருக்கிறதாகக் கேள்விப்பட்டு, கேட்டுப் பார்க்கலாம் என்று. வண்டி காலி. பாய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வலது பக்கச் சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. எதிரே உப்பு லோடோடு ஒரு வண்டி. லோடு என்று கை காட்டவில்லை, ஆனால் பாய் பக்கத்தில் இருக்கும்போது எனக்குக் கை எதற்கு? நான் மணலில் இறங்க ஸ்டியரிங்கை ஒடித்தேன். அதற்குள் அந்த வண்டி தாரை விட்டு, கடல் பக்கத்து மணலில் இறங்கிவிட்டது. இரண்டு கஜம்கூடப் போகவில்லை, சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"லோடு வண்டிய்யா அது! இன்னாத்துக்கு எறங்குறான்?" என்று பாய் கத்தினார்.

கன்னியப்பன் கேபினிலிருந்து இறங்கினான். பாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பாய் கிட்டப் போனார்.

"தாரு உன்னுது இல்ல? ஏன்யா எறங்கினே?"

"எதிர்ல வண்டி வந்தா பயமா கீது பாய்."

நாங்கள் இந்தப் பக்க மணலில், அவன் வண்டி அந்தப் பக்க மணலில். நடுவே தார் காலியாகக் கிடந்தது. அப்போது தெற்கே போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. தங்கராஜின் வண்டி, அவனுடைய டிரைவர்களில் யாரோ ஒருவன். எதிரே ஒருத்தரும் இல்லாத ரோட்டில், வலது கையை நீட்டி, லோடு லோடு என்று அமுக்கிக்கொண்டே எங்களைக் கடந்து போனான். பின்னால் வெறும் பலகை தடதடவென்று ஆடியது.

மூன்று பேரும் அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் மண்வெட்டியை எடுத்து வந்தேன். கன்னியப்பன் இரண்டு கையாலும் சக்கரத்தடியில் மணலைப் பறித்தான். பாய் அவன் பக்கத்தில் மண்டியிட்டார். "நீ வேணாம் பாய், நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

"லோடு வண்டி தார் மேலதான்யா நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, இருந்த ஒரு கையால் மணலை அள்ளிப் போட ஆரம்பித்தார்.